ரோபோவுக்கு முன்னால் ராக் நம்பர்: சிறு குடோனில் பார்கோடு முறையை நிறுவுவது எப்படி

குடோன் ஆட்டோமேஷன் என்றதும் பேச்சு நேராகத் தானியங்கி வண்டிகளுக்கும் ரோபோக்களுக்கும் போய்விடுகிறது. 2012இல் அமேசான் 77.5 கோடி டாலர் கொடுத்து குடோன் ரோபோ செய்யும் கீவா சிஸ்டம்ஸை வாங்கியதிலிருந்து இந்த ஆசை எல்லா ஊருக்கும் பரவிவிட்டது. கீவாவின் ஆரஞ்சு நிற வண்டிகள் தரையில் கட்டம் கட்டமாக ஒட்டிய ஸ்டிக்கர்களைக் கேமராவால் படித்துத்தான் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டன. அதாவது, ரோபோவுக்கே முதலில் வேண்டியிருந்தது ஒரு லேபிளும் ஒரு முகவரியும். உங்கள் குடோனில் அது இல்லையென்றால் மேலே எதை வாங்கிப் போட்டாலும் நிற்காது.

இந்தக் கட்டுரை அந்த முதல் அடுக்குக்கு மட்டும். எடுத்துக்காட்டாக, கோவைப் பக்கம் நிறைய இருக்கும் வகையில் ஒரு பம்ப் உதிரிபாக குடோனை எடுத்துக்கொள்வோம்: 6 ராக் வரிசை, வரிசைக்கு 12 கட்டம், கட்டத்துக்கு 4 தட்டு, தட்டுக்கு 5 பெட்டி. மொத்தம் 1,440 இடங்கள். பேரிங், மெக்கானிக்கல் சீல், இம்பெல்லர், கெப்பாசிட்டர், போல்ட் நட்டு எல்லாம் கலந்து கிடக்கிறது. ஸ்டோர் கீப்பருக்கு எல்லாம் எங்கே என்று தெரியும். அவர் லீவு போட்டால் யாருக்கும் தெரியாது.

ஸ்கேனரையும் பிரிண்டரையும் முதலில் வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் வேலை கெடுவது இந்த வரிசை மாறுவதால்தான்.

படி 1: பொருள் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

இருக்கிற பட்டியலை டேலியிலிருந்தோ எக்செல்லிலிருந்தோ எடுத்து, பெயர் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். "பேரிங் 6203", "6203 பேரிங்", "பிஆர்ஜி 6203 இசட்இசட்", "பால் பேரிங் 17 எம்எம்" என்று நான்கு வரிகள் இருக்கும். இதில் சில ஒன்றே, சில வேறு. 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மி.மீ. அதோடு சரி. இசட்-இசட் என்றால் இரு பக்கமும் தகடு மூடி, டூ-ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் சீல். தண்ணீர் படும் இடத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடியாது. ஆகவே பெயர்களைப் பார்த்து மட்டும் வரிகளை இணைக்கக் கூடாது. சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து இணைக்க வேண்டும். இதற்கு ஸ்டோர் கீப்பரும், மெயின்டெனன்ஸ் அல்லது அசெம்பிளியில் இருந்து ஒருவரும் சேர்ந்து உட்கார வேண்டும்.

அடுத்தது அளவு அலகு. கொள்முதல் பெட்டியில், வழங்குவது எண்ணிக்கையில், போல்ட் கிலோவில், கேஸ்கெட் ஷீட் மீட்டரில். ஒவ்வொரு பொருளுக்கும் அடிப்படை அலகு ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்றவை அதன் மடங்காக வரட்டும்: 1 பெட்டி = 10 எண்ணிக்கை. இதை எழுதாமல் விட்டால், ஒருவர் 5 பெட்டி வந்ததை 5 என்று போடுவார், மற்றவர் 50 என்று போடுவார். ஸ்டாக் வித்தியாசங்களைத் தோண்டிப் பார்த்தால் திருட்டைவிட இதுதான் அதிகம் வெளியே வரும்.

பொருள் குறியீட்டில் அர்த்தத்தைத் திணிக்காதீர்கள். சப்ளையர், அளவு, வருடம், மெஷின் எல்லாவற்றையும் 22 எழுத்தில் அடக்கினால், சப்ளையர் மாறும் அன்று குறியீடு பொய்யாகிவிடும். "பி" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி ஒன்பது இலக்க வரிசை எண் போதும். எல்லாப் பொருளுக்கும் நீளம் ஒன்றாக இருக்கட்டும்.

எக்செல்லில் வேலை செய்யும்போது கவனம். முன்னால் வரும் பூஜ்யங்களை அது விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். எண்களுக்கு நடுவே ஆங்கில "இ" எழுத்து வந்தால், உதாரணமாக 12இ5, அதை 10இன் அடுக்காக எடுத்துக்கொள்ளும். 3-12 என்று போட்டால் தேதியாகிவிடும். முன்னால் ஒரு எழுத்து இருந்தால் பூஜ்யம், தேதி, நீளம் சார்ந்த தொல்லைகள் பெரும்பாலும் போய்விடும். அப்படியும் அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிட்டே டேட்டாவை ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மாற்றிப் பயனில்லை, போன பூஜ்யம் போனதுதான்.

படி 2: ஒவ்வொரு இடத்துக்கும் முகவரி

வரிசை, கட்டம், தட்டு, பெட்டி என்ற வரிசையிலேயே முகவரி போக வேண்டும். வெளியே நின்று பார்ப்பவர் முதலில் வரிசையைத் தேடுவார், கடைசியில்தான் பெட்டியை. ஏ-03-2-04 என்றால் ஏ வரிசை, மூன்றாம் கட்டம், இரண்டாம் தட்டு, நான்காம் பெட்டி.

தட்டு எண்ணைக் கீழிருந்து மேலே போடுங்கள். நாளை மேலே ஒரு தட்டு கூட்டினாலும் பழைய எண்கள் மாறாது. கட்ட எண் ஒற்றை இலக்கமாக இருந்தாலும் 03 என்றே எழுதுங்கள். இல்லையென்றால் கணினி 1, 10, 11, 2 என்று அடுக்கி, எடுக்கப் போகிறவரை வரிசையின் இரு முனைக்கும் ஓட வைக்கும். ஒரு நடைபாதையின் இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை என்று தெருவில் கதவு எண் போடுகிற மாதிரி போட்டால், ஒரே நடையில் இரு பக்கமும் எடுத்துக்கொண்டு போகலாம். ஆங்கில ஐ, ஓ ஆகிய இரண்டு எழுத்தையும் வரிசைப் பெயராக வைக்க வேண்டாம். 1, 0 என்று வாசித்துவிடுவார்கள்.

ராக்கில் இல்லாத இடங்களுக்கும் முகவரி வேண்டும். இறக்குமிடம், தரச்சோதனை மேசை, நிராகரிப்புக் கூண்டு, பேக்கிங் மேசை, ஏற்றுமிடம் எல்லாம் சரக்கு தங்கும் இடங்கள்தான். "சரக்கு வந்துடுச்சு, ஆனா ராக்ல இல்ல" என்ற பேச்சு வருவது இவற்றுக்கு எண் கொடுக்காததால்.

இட லேபிளின் பார்கோடு எல்லாவற்றுக்கும் முன்னால் ஆங்கில "எல்" எழுத்தைச் சேர்த்துவிடுங்கள். பொருளுக்கு "பி", இடத்துக்கு "எல்" என்று ஆகிவிட்டால், இடத்தை ஸ்கேன் செய்ய வேண்டிய நேரத்தில் பொருளை ஸ்கேன் செய்தால், ஸ்கேனைப் பதியும் ஸ்டாக் ஆப் உடனே பீப் அடித்துத் தள்ளிவிடும். ஒரு எழுத்தில் கிடைக்கிற இந்தப் பாதுகாப்பை எந்த விலை கொடுத்தும் பிறகு வாங்க முடியாது.

படி 3: எந்தப் பார்கோடு, எத்தனை மி.மீ.

கடைகளில் காணும் 13 இலக்க இஏஎன் பார்கோடு உங்கள் உள்வேலைக்குத் தேவையில்லை. அது ஜிஎஸ்1 அமைப்பிடம் பதிவு செய்து வாங்கும் எண். ஜிஎஸ்1 இந்தியா கொடுப்பது 890 என்று தொடங்கும். உங்கள் சரக்கு சில்லறைக் கடைக்குப் போனால் அது வேண்டும். குடோனுக்குள் நீங்களே வைக்கும் எண்ணுக்கு கோடு 128 (Code 128) என்ற பார்கோடு வகை போதும். எண்ணெய்க் கை படும் இடங்களுக்கும் சின்ன லேபிளுக்கும் க்யூஆர் நல்லது. அது 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது. பிழை திருத்த அளவை உச்சத்தில் வைத்தால் சுமார் 30 சதவீதம் வரை சேதமானாலும் படிக்கும். கோடு 128க்கு அந்தத் தாங்குதிறன் இல்லை.

இனி கணக்கு. லேபிளைக் கண்ணளவில் வடிவமைப்பவர்கள்தான் பிறகு "ஸ்கேனர் சரியில்லை" என்கிறார்கள்.

203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில் ஒரு மி.மீட்டருக்கு 8 புள்ளி. ஒரு புள்ளி 0.125 மி.மீ. பார்கோடின் மிக மெல்லிய கோட்டின் அகலம் இந்தப் புள்ளியின் முழு மடங்காகவே இருக்க வேண்டும்: 2 புள்ளி 0.25, 3 புள்ளி 0.375 மி.மீ. வேர்டில் படத்தை இழுத்துச் சுருக்கினால் 2.6 புள்ளி என்று வந்து, சில கோடு 2, சில கோடு 3 என்று அச்சாகும். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், ஸ்கேனருக்குப் புரியாது.

கோடு 128இல் ஒவ்வொரு எழுத்துக்கும் 11 அலகு (மிக மெல்லிய கோட்டின் அகலம்தான் இங்கே ஓர் அலகு). தொடக்கக் குறி 11, சரிபார்ப்புக் குறி 11, முடிவுக் குறி 13. இரு பக்கமும் 10 அலகு வெற்றிடம். பத்து எழுத்துப் பொருள் குறியீடு என்றால் 110 + 35 = 145, வெற்றிடம் சேர்த்து 165 அலகு. 2 புள்ளியில் 41.25 மி.மீ.; 50×25 மி.மீ. லேபிளில் அடங்கும். 3 புள்ளியில் 61.9 மி.மீ.; அடங்காது. பொருள் குறியீடு நீளமாக இருக்கக் கூடாது என்பதன் காரணம் இந்த லேபிளில்தான் இருக்கிறது.

இட லேபிளுக்கு 7 எழுத்து (எல், வரிசை, இரண்டு கட்ட இலக்கம், தட்டு, இரண்டு பெட்டி இலக்கம்; நடுக்கோடுகள் மனிதர் வாசிக்கும் எழுத்தில் மட்டும், பார்கோடுக்குள் வேண்டாம்). 77 + 35 + 20 = 132 அலகு. 100×50 மி.மீ. லேபிளில் 5 புள்ளிவரை, அதாவது 82.5 மி.மீ. அகலம் வரை தாராளமாகப் போகலாம். கோடு அகலமாக இருந்தால் இரண்டடி தள்ளி நின்றே படிக்கலாம்.

வெற்றிடத்தை மட்டும் யாரும் மதிப்பதில்லை. கம்பெனி லோகோவைப் பார்கோடுக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பார்கள், சுற்றிலும் கட்டம் போடுவார்கள். கோடு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனர் தெரிந்துகொள்வதே அந்த வெள்ளை இடத்தால். க்யூஆருக்கும் நான்கு பக்கமும் அதன் சிறு சதுரம் நான்கின் அளவு வெற்றிடம் வேண்டும்.

படி 4: லேபிளும் ரிப்பனும்

டைரக்ட் தெர்மல் லேபிள், அதாவது ரிப்பன் இல்லாமல் சூட்டில் கறுக்கும் காகிதம், கூரியர் பார்சலுக்கு நல்லது. ஷீட் கூரை போட்ட குடோனில் ராக்குக்கு ஒட்டினால் வெயில் காலம் தாண்டாது. லேபிள் சாம்பல் நிறமாகும், எழுத்து மங்கும். நீண்ட நாள் இருக்க வேண்டியதற்கு, ரிப்பனில் உள்ள மையைச் சூட்டால் லேபிளில் பதிக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டர்தான்.

பெட்டிக்கு ஒட்டும் பொருள் லேபிள்: குரோமோ காகிதம் (பளபளப்புப் பூச்சுள்ள காகிதம்), வேக்ஸ் (மெழுகு மை) ரிப்பன். ராக் லேபிள்: பாலியெஸ்டர், ரெசின் ரிப்பன். இந்த ஜோடியை மாற்றிப் போடக் கூடாது. பாலியெஸ்டர்மேல் வேக்ஸ் ரிப்பனில் அடித்தால் அச்சு அழகாக வரும், விரல் நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். ரோல் வாங்கும் முன் பத்து லேபிள் அடித்து, நகத்தால் சுரண்டி, எண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். ரிப்பனின் மை உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதும் பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். தவறாக வாங்கினால் லேபிளில் ஒன்றுமே விழாது. ரிப்பன் லேபிளைவிடச் சில மி.மீ. அகலமாக இருக்கட்டும், இல்லையென்றால் காகித ஓரம் பிரிண்ட் ஹெட்டை நேரடியாக உரசித் தேய்க்கும்.

அச்சு கெடும்போது எங்கே பார்ப்பது? எல்லா லேபிளிலும் அதே இடத்தில், காகிதம் ஓடும் திசையில் நேர் வெள்ளைக் கோடு வந்தால் ஹெட்டில் ஒரு புள்ளி அழுக்காகியிருக்கிறது அல்லது எரிந்துவிட்டது. முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ரிப்பன் ரோல் மாற்றும் ஒவ்வொரு முறையும் துடைத்தால் இது அரிது. துடைத்தும் போகவில்லையென்றால் ஹெட் மாற்ற வேண்டும். அதுவரை பார்கோடை லேபிளில் இரண்டு மி.மீ. தள்ளி வைத்து வேலையை ஓட்டலாம். வெள்ளைக் கோடு சாய்வாக, இடம் மாறி மாறி வந்தால் ரிப்பனில் சுருக்கம் விழுகிறது. அழுத்தமும் ரிப்பன் இழுவையும் இரு பக்கமும் சமமில்லை. கோடுகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டினால் டார்க்னஸ் (அச்சின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) அதிகம். கறுப்பாக இருந்தால்தான் நன்றாகப் படிக்கும் என்று எண்ணி அதைக் கூட்டிக்கொண்டே போவார்கள். உண்மையில் குறைத்தால்தான் படிக்கும், ஹெட்டும் அதிக நாள் வரும்.

ஒட்டும்போது

ராக் பீமைத் துணியால் துடைத்தால் போதாது. எண்ணெய்ப் படலம் இருக்கும். ஆல்கஹால் போட்டுத் துடைத்து, காயவிட்டு, ஒட்டியபின் நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும். லேபிள் மேல் செல்லோ டேப் ஒட்டுகிற பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். நேர் எதிரே நின்று ஸ்கேன் செய்தால் வெளிச்சம் அப்படியே திரும்பி வந்து ஸ்கேனரைக் குருடாக்கும். டேப்பும் சில மாதத்தில் மஞ்சளாகும்.

மூன்றாம், நான்காம் தட்டின் லேபிளை அந்தத் தட்டிலேயே ஒட்டினால் கீழே நிற்பவர் எப்படி ஸ்கேன் செய்வார்? நெஞ்சுயரத்தில் உள்ள பீமில் எல்லாத் தட்டுக்கும் உரிய லேபிள்களைத் தட்டுக்கொரு நிறமாக அடுக்கி, மேல் அம்புக்குறி, கீழ் அம்புக்குறி போடுங்கள். முழு பேலட் வைக்கும் கட்டத்துக்கு இது எளிது. எங்கள் எடுத்துக்காட்டில் தட்டுக்கு 5 பெட்டி. அங்கே மேல் தட்டுகளுக்கு ஏணி அல்லது தூரத்தில் படிக்கும் ஸ்கேனர் தவிர வழியில்லை, ஆகவே அடிக்கடி எடுக்கும் சரக்கை அங்கே வைக்காதீர்கள்.

கழற்றி மாற்றக்கூடிய பிளாஸ்டிக் பெட்டிமேல் இட லேபிள் ஒட்டவே கூடாது. ராக்கில்தான் ஒட்ட வேண்டும். பெட்டி நடந்து போய்விடும், முகவரியும் கூடவே போகும்.

படி 5: ஸ்கேனரும் அதன் செட்டிங்கும்

லேசர் ஸ்கேனர் க்யூஆரைப் படிக்காது. கேமரா போலப் படமெடுத்துப் படிக்கும் இமேஜர் வகையை வாங்குங்கள். நாள் முழுக்க எடுக்கும் ஆளுக்கு மொபைல் கேமரா ஒத்துவராது. இருட்டுத் தட்டில் அது ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆள் எரிச்சலாகி, நோட்டில் எழுதத் தொடங்கிவிடுவார். பேக்கிங் மேசையில் ஒயர் ஸ்கேனர், நடமாடும் வேலைக்கு டிரிகர் வைத்த ஆண்ட்ராய்டு கைக்கருவி. கான்கிரீட்மேல் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும் என்ற மதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விழாத கருவி எந்த குடோனிலும் கிடையாது.

பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, ஸ்கேன் முடிவில் என்டர் அனுப்பும்படி அமைப்பது. கையேட்டிலேயே அதற்கான பார்கோடு இருக்கும், அதை ஸ்கேன் செய்தால் போதும். இரண்டு, உங்களுக்குத் தேவையில்லாத பார்கோடு வகைகளை அணைத்துவிடுவது. வெளியிலிருந்து வரும் அட்டைப்பெட்டியில் நாலைந்து பார்கோடு இருக்கும். எல்லாவற்றையும் படிக்கவிட்டால் ஆள் ஒன்றைக் குறிவைக்க, அது வேறொன்றைப் படிக்கும். மூன்று, அட்டைப்பெட்டியின் 14 இலக்க ஐடிஎஃப் பார்கோடைப் பயன்படுத்துவதாக இருந்தால் நீளத்தை 14 என்று பூட்டிவிடுவது. ஐடிஎஃப்பின் தொடக்க, முடிவுக் குறிகள் பலவீனமானவை. சாய்வாகப் பிடித்தால் பாதியை மட்டும் படித்து அதையே முழு எண் என்று கொடுக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, தவறான எண் மட்டும் உள்ளே போகும்.

கணினியில் ஒயர் ஸ்கேனர் விசைப்பலகை போலவே வேலை செய்கிறது. ஆகவே கேப்ஸ் லாக் போட்டிருந்தால் சில ஸ்கேனர்களில் பெரிய எழுத்து சின்ன எழுத்தாகும். தமிழ்99 விசைப்பலகை ஆனில் இருந்தால் பார்கோடு தமிழ் எழுத்துகளாக விழும். பில் போடும் கணினியில் தமிழும் தட்டச்சு செய்பவராக இருந்தால் இது வாரம் ஒருமுறை வரும். "ஸ்கேனர் பைத்தியம் பிடிச்ச மாதிரி அடிக்குது சார்" என்று போன் வந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

வைஃபையும் கரண்டும்

வைஃபை சிக்னலைக் காலி குடோனில் அளக்காதீர்கள். ராக்கில் வார்ப்பிரும்பு நிரம்பியபின் நிலைமை வேறு. ஆபீஸ் அறையில் இருக்கும் ரூட்டர் பின்வரிசைக்குப் போகாது. நடைபாதைகளின் முனையில், உயரத்தில் ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. பக்கத்துப் பக்கத்துப் பாயின்ட்டுக்கு வேறு வேறு சேனல் கொடுங்கள். ஆப் வாங்கும்போது, சிக்னல் இல்லாத நேரத்தில் ஸ்கேனைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்புமா என்று கேட்டு, ஃபிளைட் மோடில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் சில நொடியில் வந்துவிடும். ஆனால் ரூட்டரும் சுவிட்சும் மறுபடி எழுந்து நிற்க ஓரிரு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில்தான் லோடுமேன் பொறுமையிழந்து ஸ்கேன் செய்யாமல் சரக்கை ஏற்றுவார். நெட்வொர்க் சாமான்களுக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் போட்டுவிடுங்கள்.

படி 6: சரக்கு நகரும் வரிசை

வரவு: இன்வாய்ஸோடு சரக்கு இறங்கியதும் இறக்குமிடத்திலேயே எண்ணி, ஜிஆர்என் (சரக்கு வரவுச் சீட்டு) போட்டு, லேபிள் அடித்து ஒட்டுங்கள். லேபிள் இல்லாமல் எதுவும் இறக்குமிடத்தைத் தாண்டக் கூடாது. சிறிய பொருளுக்கு ஒவ்வொன்றுக்கும் லேபிள் தேவையில்லை. பத்து சீல் உள்ள பையில் ஒரு லேபிள், அளவு 10 என்று அச்சிட்டு.

அடுக்குதல்: பொருள் ஸ்கேன், இடம் ஸ்கேன், அளவு. சரக்கை வைத்த பிறகே இடத்தை ஸ்கேன் செய்ய வேண்டும்.

எடுத்தல்: இடம் முதலில், பொருள் பிறகு, அளவு கடைசி. சரியான இடத்தில் தவறான பொருள் இருந்தாலும் இந்த வரிசை காட்டிக்கொடுக்கும். பழைய சரக்கு முதலில் போக வேண்டிய ரப்பர் சீல், கெப்பாசிட்டர் போன்றவற்றுக்கு வரவு மாதத்தை லேபிளில் பெரிய எழுத்தில் அச்சிட்டால், ஸ்கேனுக்கு முன்னாலேயே கண் பார்த்துவிடும்.

ஏற்றுதல்: பில் எண், பிறகு பெட்டிகள். பில்லில் இல்லாத பெட்டி பீப் அடித்து நிற்க வேண்டும்.

ஒவ்வொரு ஸ்கேனும் சரக்கு கை மாறும் அந்தக் கணத்தில் நடக்க வேண்டும். "சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமா ஏத்திடலாம்" என்று அனுமதித்தால் பழைய நோட்டுப் புத்தகம்தான் மறுபடியும் வந்திருக்கிறது, கொஞ்சம் விலை கூடுதலாக.

படி 7: ஆரம்பக் கையிருப்பு

கணினியில் இருக்கும் பழைய ஸ்டாக்கை அப்படியே ஏற்றாதீர்கள். ஒரு ஞாயிறு வரவு செலவை முழுதாக நிறுத்தி எண்ணுங்கள். இரண்டு பேர் கொண்ட அணி. ஒருவர் எண்ண, ஒருவர் ஸ்கேன் செய்து பதிய. பழைய எண்ணிக்கையை அவர்களுக்குக் காட்டக் கூடாது. காட்டினால் 47 என்று இருப்பதை 47 என்றே எண்ணுவார்கள். எண்ணி முடித்த பெட்டிக்கு ஒரு நிற ஸ்டிக்கர். வித்தியாசம் பெரிதாக வரும் பெட்டிகளை வேறு அணி மறுபடி எண்ணட்டும்.

சிக்கல் வருவது எல்லைக்கோட்டில். பில் போட்டாயிற்று, லாரி வரவில்லை. சரக்கு இன்னும் தரையில் இருக்கிறது. அல்லது சரக்கு இறங்கிவிட்டது, ஜிஆர்என் போடவில்லை. சனிக்கிழமை மாலையே இவற்றைத் தனியாக ஒதுக்கிக் கயிறு கட்டி, "எண்ணாதே" என்று அட்டை மாட்டிவிடுங்கள்.

முதல் மாதத்தில் என்ன கெடும்

இரவு ஷிஃப்டில் மெஷின் நின்றுவிடும். அவசரத்துக்கு பேரிங்கை யாரோ எடுத்துப் போவார்கள், ஸ்கேன் இருக்காது. பூட்டுப் போட்டுத் தடுப்பது பயன் தராது, பூட்டை உடைப்பார்கள். கதவருகே ஒரு கைக்கருவியும் "அவசர வழங்கல்" என்ற ஒரே பட்டனும் வையுங்கள்: பொருள் ஸ்கேன், அளவு, அவரது அடையாள அட்டை ஸ்கேன். வேறெதுவும் கேட்கக் கூடாது.

இன்னொரு தந்திரம் கட்டாயம் வரும். இட லேபிள்களையெல்லாம் ஒரு தாளில் ஜெராக்ஸ் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஸ்கேன் செய்வார்கள். கணினியில் எல்லாம் கச்சிதமாகத் தெரியும், ராக்கில் ஒன்றும் இருக்காது. ஸ்கேன் நேரங்களைப் பார்த்தால் பிடித்துவிடலாம்: குடோனின் இரு முனையில் இருக்கும் இரண்டு இடங்கள் நாலு நொடி இடைவெளியில் ஸ்கேன் ஆகியிருக்கும். திட்டுவதற்கு முன் ஏன் அப்படிச் செய்தார் என்று பாருங்கள். பெரும்பாலும் பின்வரிசையில் சிக்னல் இல்லை, அல்லது கருவியின் பேட்டரி மதியத்துக்கு மேல் நிற்பதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை எண்ணுவதை விட்டுவிட்டு, தினமும் கொஞ்சம் எண்ணுங்கள். வேகமாக நகரும், விலை கூடிய பொருள்கள் மாதம் ஒருமுறை. நடுத்தரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மற்றவை ஆண்டுக்கு ஒருமுறை. கணினியில் ஒரு பெட்டி காலி என்று வந்தவுடன் எட்டிப் பார்ப்பதும் ஒரு எண்ணிக்கைதான், அதற்கு ஐந்து நொடி போதும்.

துல்லியத்தை ரூபாயில் அளக்காதீர்கள். இங்கே பத்தாயிரம் ரூபாய் கூடுதல், அங்கே பத்தாயிரம் குறைவு என்றால் கூட்டலில் வித்தியாசம் பூஜ்யம். உண்மையில் இரண்டு பெட்டியும் தவறு. 100 பெட்டி எண்ணி 93 சரியாக இருந்தால் 93 சதவீதம், அவ்வளவுதான். மீதி ஏழுக்கும் காரணம் எழுதுங்கள்: அலகுக் குழப்பம், தவறான இடம், ஸ்கேன் இல்லாத வழங்கல், உடைசல், தவறான பொருள். காரணம் எழுதாமல் எண்ணிக்கையை மட்டும் திருத்தினால் அடுத்த மாதமும் அதே ஏழு வரும்.

ஆர்எஃப்ஐடியும் ரோபோவும் எப்போது

ஆர்எஃப்ஐடி, அதாவது ரேடியோ அலையால் தூரத்திலிருந்தே படிக்கும் டேக், விற்பவர் வந்து, ஒரு கேட்டைத் தாண்டினாலே எல்லாம் பதிவாகும் என்பார். துணிக்கடைக்கு அது சரி. இரும்பு பம்ப் உதிரிபாகத்தின்மேல் சாதாரண யூஹெச்எஃப் (உயர் அலைவரிசை) டேக்கை ஒட்டினால் உலோகம் அதன் ஆன்டெனாவைச் செயலிழக்கச் செய்யும். உலோகத்துக்கென்றே செய்த டேக் வேண்டும், அது விலை அதிகம், தடிமனும் அதிகம். திரவம் நிரம்பிய டின்களும் அலையை உறிஞ்சும். திரும்பத் திரும்பச் சுற்றி வரும் டிராலி, வார்ப்பு அச்சு, இரும்புத் தொட்டி போன்றவற்றுக்கு அது லாபம். ஒருமுறை போய்த் திரும்பாத சீலுக்கு இல்லை.

தானியங்கி வண்டிகளைப் பொறுத்தவரை, ஆறு மாத ஸ்கேன் பதிவு கையில் வந்த பிறகு யோசியுங்கள். எந்தப் பொருள் நாளுக்கு எத்தனை முறை எடுக்கப்படுகிறது என்று அதில் இருக்கும். முதல் வேலையாக, அதிகம் எடுக்கும் பொருள்களை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டுகளுக்கு, பேக்கிங் மேசைக்கு அருகிலுள்ள வரிசைக்கு மாற்றுங்கள். செலவு லேபிள் காசு மட்டும்தான். இதைச் செய்த பிறகும் நடையே நாளைத் தின்கிறது என்றால் கன்வேயரோ வண்டியோ கேட்கலாம்.

விற்பனையாளரின் டெமோ மையத்தில் உள்ள பளபளப்பான தரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் கடைசி மாதத்தின் மிகப் பரபரப்பான ஒரு நாளின் ஆர்டர் வரிகளை அப்படியே கொடுத்து, இத்தனை வண்டியால் எத்தனை மணிக்குள் முடியும் என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் குடோனின் மிக மோசமான தரைத் துண்டில், விரிசலும் சரிவும் உள்ள இடத்தில், உங்கள் சரக்கை ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் பட்ட பழைய லேபிள் ஒன்றையும் எடுத்துக் கொடுங்கள், படிக்கிறதா பார்க்கலாம்.